பேமஸ் ஆகிவிடுவோமோ என்ற பயம்

புதிதாக லைன் லீடர் சட்டை போட்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

பெருமாள் புண்ணியத்தில் நல்லபடியாக வேலையிலிருந்து இறங்கிவிட்டேன். பத்து விரலும் முழுசாக இருக்கிறது. தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் ஆரம்பித்தவனுக்கு அதைவிடப் பெரிய பென்ஷன் கிடையாது. உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மிஷினைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை, அதை டிரெய்னிங் ரூமில் படம் போட்டே காட்டிவிடுவார்கள். நான் படித்தது பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்தான். ஆனாலும் ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தச் சொல்லால் ஒரு பெண் வேலையை இழக்கப் பார்த்தாள். ஒரு லாரி நிறைய கெட்ட பிரேக் ரோட்டுக்குப் போகப் பார்த்தது. அதனால் அதை எழுதுகிறேன்.

பேமஸ் என்பதுதான் அந்தச் சொல். அது இங்கிலீஷ் என்று எங்கள் பக்கத்தில் யாரும் நினைப்பதுகூட இல்லை. படப்பையில் கீரை விற்கிற அம்மாவும் சொல்லும். அந்த பரோட்டா கடை சால்னாவுக்குப் பேமஸ். இந்த டாக்டர் கைராசிக்குப் பேமஸ். எங்கள் மணிமங்கலம் கோயிலில் புளியோதரை பேமஸ். இதெல்லாம் நல்ல விதமாகச் சொல்வது. அதே சொல்லை ஒரு பெண்ணின் பெயரோடு சேர்த்து, குரலைக் கொஞ்சம் இறக்கி, “அந்தப் பொண்ணா? ரொம்ப பேமஸாச்சே” என்று ஹாஸ்டல் வாசல் டீக்கடையில் ஒருவன் சொன்னால் போதும். அந்தப் பெண் மறுமாதம் வேறு ரூம் தேட ஆரம்பித்துவிடும். கடைக்கு வாழ்வு கொடுக்கிற சொல் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன கொடுக்கிறது பாருங்கள்.

எங்கள் லைனில் அதற்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் சிவப்பு பட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வல்லம் வடகாலில் இருந்த எங்கள் கம்பெனியில் வண்டிகளுக்கு பிரேக் பம்பு செய்தோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆள் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். செய்கிற வேலையில் சந்தேகம் வந்தால் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் லைன் நிற்கும். மேலே தொங்குகிற பலகையில் அந்த ஸ்டேஷன் நம்பர் எரியும். ஸ்பீக்கரில் ஒரு ட்யூன் ஓடும். எந்த லைன் நின்றது என்று தூரத்தில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்று லைனுக்கு ஒரு ட்யூன் வைத்திருந்தார்கள். எங்கள் மூன்றாவது லைனுக்கு வாய்த்தது ஐஸ் வண்டிக்காரன் அடிக்கிற மாதிரி ஒன்று.

அழுத்தியவரை கம்பெனி திட்டியது கிடையாது. அது வேறு. ஆனால் ட்யூன் கேட்டதும் ஷெட்டில் இருக்கிற அத்தனை தலையும் திரும்பும். முதலில் பலகையைப் பார்க்கும், பிறகு அந்த ஆளைப் பார்க்கும்.

“யார்ரா அது, ஐஸ் வண்டி இட்டாந்தது?”

“ரெண்டாம் நம்பர்டா. நம்ம தலைவரு பேமஸ் ஆயிட்டாருடா!”

“தலைவா, கேன்டீன்ல கட்அவுட் வெச்சிடலாமா? பாலு ஊத்த ஆளு ரெடி.”

கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பன்னிரண்டாவது முடித்து நேராக வந்த பிள்ளைகள், நாள் முழுக்க நின்றுகொண்டு ஒரே வேலையைச் செய்கிறவர்கள், சிரிக்க ஏதாவது வேண்டாமா? ஆனால் சிரிப்பு வாங்கியவனுக்கு அது அன்றோடு முடியாது. பஸ்ஸில் பேமஸ், மெஸ்ஸில் பேமஸ், ஒரு வாரத்துக்கு அதுதான் பெயர். அப்படியே எங்கள் லைனில் ‘பேமஸ் ஆவது’ என்றால் பட்டன் அழுத்தி மாட்டிக்கொள்வது என்று ஆகிவிட்டது. “பார்த்து வேல செய், பேமஸ் ஆயிடாத” என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே பாடம் நடக்கும்.

நானும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டேதான் போவேன். எங்கள் பம்பை வாங்குகிற வண்டி கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வருகிற வரைக்கும்.

பம்புக்குள்ளே ஒரு சிறிய ரப்பர் வளையம் போகும். எண்ணெய் கசியாமல் பிடிப்பது அதுதான். திரும்பி வந்த பம்பில் அந்த வளையத்தின் ஓரத்தில் நகம் பட்ட மாதிரி ஒரு வெட்டு. லைனில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். வல்லம் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

“டவுட்டாதான் இருந்துச்சுண்ணா.”

“அப்போ ஏன்டா அமுக்கல?”

“அமுக்குனா பேமஸ் ஆயிடுவனேன்னு வுட்டுட்டேண்ணா.”

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பம்பைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பிரேக்கை நம்பி யாரோ ஒருவர் பிள்ளைகுட்டிகளை ஏற்றிக்கொண்டு திருப்பதி மலையிலிருந்து இறங்குவார். இவன் பயந்தது சிரிப்புக்கு. அந்தச் சிரிப்புக்கும் அந்த மலைப்பாதைக்கும் நடுவில் வேறு யாருமே இல்லை.

விஷயம் பிளாண்ட் ஹெட் வரைக்கும் போனது. அவர் நல்ல மனிதர். கேன்டீனில் எங்களோடு வரிசையில் நின்று தட்டு எடுப்பவர். அவர் ஒரு யோசனை செய்தார். பட்டன் அழுத்துவதைக் கேலி செய்கிறார்களா, அதையே கௌரவமாக்கிவிடுவோம் என்றார். கேன்டீன் வாசலில் ஒரு பெரிய டிவி மாட்டினார்கள். சரியான நேரத்தில் பட்டன் அழுத்தித் தப்பைப் பிடிக்கிறவர் படம் அதில் ஒரு மாதம் ஓடும். காலை மீட்டிங்கில் மொத்த ஷிப்டும் கை தட்டும். கம்பெனியின் பேஸ்புக்கிலும் போடுவார்கள். “இனிமே நிஜமாவே பேமஸ் ஆகட்டும்” என்று சிரித்தார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. நானும் கை தட்டினேன்.

ஆனால் ஒருவரும் அழுத்தவில்லை. டிவியில் கம்பெனி லோகோ மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே நான் எழுதுகிற பெயர்கள் நானாக வைத்தவை. உண்மையான பெயரைத் தேடாதீர்கள். ஏன் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

இசக்கியும் மாரியும் கோவில்பட்டிப் பக்கத்து ஒரே ஊர்க்காரர்கள். பென்னலூரில் ஒரே ரூமில் ஒரே ஸ்டவ்வில் சமைத்து, ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வருவார்கள். மாரி நாலாவது ஸ்டேஷனில் ரப்பர் வளையம் மாட்டுகிறவள். இசக்கி ஆறாவது ஸ்டேஷனில் இடையிடையே ஒன்றிரண்டை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்க்கிறவள். மாரி அப்போது கான்ட்ராக்டில்தான் இருந்தாள். நிரந்தரமாகக் கம்பெனி ரோலுக்கு எடுக்கிற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அவள் அப்பா உடம்புக்கு முடியாதவர். இங்கே வேலை போனால் ஊருக்குப் போய் மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸில் உட்கார வேண்டியதுதான் என்று அவளே ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஐஸ் வண்டி ட்யூன் அடித்தது. பலகையில் ஆறு எரிந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. இசக்கி கையைப் பட்டனிலிருந்து எடுக்காமலே நின்றுகொண்டிருந்தாள்.

நான் போனேன்.

“இன்னாமா?”

“அண்ணாச்சி, மூணு எண்ணம் பாத்துட்டேன். மூணுலயும் ஓரம் வெட்டியிருக்கு. இந்தா பாருங்க.”

லென்ஸில் பார்த்தேன். அதே நகக்கீறல். அவள் என்னைப் பார்க்கவில்லை. நாலாவது ஸ்டேஷனையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளையம் மாட்டுகிறது யார் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். பின்னாலிருந்து யாரோ மெதுவாக, “ஒரே அமுக்குல ரெண்டு பேரு பேமஸுடா” என்றார்கள்.

தம்பிகளே, லைன் லீடர் வேலை என்பது இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. எனக்கு உடனே தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. இது எப்போதிலிருந்து? இப்போதுதான் என்றால் லைனில் இருப்பதை மட்டும் பிரித்தால் போதும். முன்னமே என்றால் கட்டி அனுப்பிய பெட்டிகளில் இருக்கும். அன்று மத்தியானத்துப் பெட்டிகள் லாரியில் ஏறிவிட்டிருந்தன. லாரி கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தது மாரிக்கு மட்டும்தான். கையால் மாட்டுகிறவளுக்குத்தான் கை வித்தியாசம் தெரியும்.

அங்கேயே நின்று சத்தம் போட்டுக் கேட்டிருக்கலாம். முப்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கேட்டிருந்தால் அவள் “இப்பத்தான்” என்று சொல்லியிருப்பாள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள், நானும் சொல்லியிருப்பேன். எல்லோரையும் டீ குடிக்கப் போகச் சொன்னேன். மாரியை மட்டும் பெட்டி அடுக்குகிற ராக்குக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

“மாரி, உன்னைத் திட்டறதுக்குக் கூப்பிடல. எப்பலேருந்து கை வித்தியாசமா இருந்துச்சு?”

ராக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“லாரி கேட்டாண்ட போயிட்டிருக்கு. நீ சொல்றத வெச்சுதான் நிறுத்தறதா வேணாமான்னு முடிவு பண்ணணும். பெருமாள் சாட்சியா சொல்றேன், நீ உண்மைய சொன்னா அதுக்காக உனக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “சாப்ட்டு வந்ததுலருந்தே அண்ணாச்சி. கருவி லேசா உரசுத மாதிரி இருந்துச்சு. நெசமா இல்லையான்னு தெரியல. பட்டன அமுக்கிருவோம்னு ரெண்டு மட்டம் கையத் தூக்குனேன். எல்லாரும் திரும்பிப் பாப்பாவன்னு...”

கேட்டுக்குப் போன் போட்டேன். டெஸ்பாட்ச் ஆள் எகிறினான்.

“இன்னாண்ணா இப்ப வந்து சொல்ற? சீல் வெச்சாச்சு. டிரைவர் வண்டி எட்த்துட்டான். அங்க லேட்டானா யாரு பேச்சு வாங்கறது?”

“நான் வாங்கிக்கறேன்பா. சீல உடை.”

“எழுதிக் குடுப்பியா?”

“எழுதிக் குடுக்கறேன். மொதல்ல கேட்ட மூடு.”

மத்தியானத்துக்குப் பிறகு செய்தது அத்தனையையும் இறக்கி, எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். வளையம் மாட்டுகிற கருவியின் முனையில் கண்ணுக்கே தெரியாத ஒரு துளி உடைந்து பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. லாரியிலிருந்து இறக்கிய பெட்டிகளில் வெட்டுப்பட்டவை இருந்தன. ஒன்றுகூட கேட்டைத் தாண்டவில்லை. கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்தபடியே நின்று “நாராயணா” என்று சொல்லிக்கொண்டேன்.

பஸ் ஏறுகிற இடத்தில் பிளாண்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். மறுநாள் காலை மீட்டிங்கில் இசக்கி படத்தை டிவியில் போடப்போகிறோம், முழுக் கதையையும் நான் மைக்கில் சொல்ல வேண்டும் என்றார். எந்த ஸ்டேஷனில் தப்பு ஆரம்பித்தது, எங்கே பிடித்தார்கள் என்று எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்றார். வண்டி கம்பெனிக்காரர்களும் வருகிறார்களாம். சந்தோஷத்தில் முகம் மலர்ந்திருந்தது அவருக்கு.

பஸ்ஸுக்குப் போனால், மாரி முன்னால் ஒரு சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கி ஏறவே இல்லை. எனக்காகக் கீழே காத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, என் படத்தப் போடாதிய.”

“நல்லதுதானேம்மா செஞ்சிருக்க? உங்க ஊர்லயும் பாத்து சந்தோஷப்படுவாங்க.”

“எங்க ஊர்ல ஒரு பொம்பளப்பிள்ளைய பேமஸுன்னு சொன்னா என்ன அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாதா? அதக்கூட விடுங்க. என் படத்தப் போட்டா யாரோட தப்ப புடிச்சேன்னுதானே கேப்பாவ? நான் அவளக் காட்டிக் குடுத்து மாலை வாங்குனவளா ஆயிருவேன். அவ கூட ஒரே ரூம்புல எப்படி அண்ணாச்சி படுப்பேன்?”

“நீ அமுக்காம விட்டிருக்கலாம்னு நினைக்கிறியா?”

டக்கென்று நிமிர்ந்தாள். “இல்ல. அமுக்குனது சரிதான். படந்தான் வேண்டாம்.”

பஸ்ஸில் ஏறி மாரிக்குப் பின்னால் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து குளித்து நாமம் போட்டு விளக்கின் முன்னால் உட்கார்ந்தேன். வாய் பாசுரம் சேவிக்கிறது, மனசு அங்கே இல்லை. என் பெண் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, பேமஸ் என்றால் சரியான அர்த்தம் என்ன என்று கேட்டேன். போனில் பார்த்துச் சொன்னாள்.

“நிறையப் பேருக்குத் தெரிஞ்சதுன்னு போட்டிருக்குப்பா.”

“நல்லதுன்னு எதுவும் போடலையா?”

“இல்லப்பா. தெரிஞ்சிருந்தா போதும்.”

“இன்னா சொல்லும்மா இது” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். என் மனைவி உள்ளேயிருந்து, “சாமி முன்னாடி உக்காந்துகினு இங்கிலீஷ் படிக்கிற ஆளு நீதான்” என்றாள்.

அப்போது எனக்குக் கருட சேவை ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்ப் பெருமாளைத் தோளில் சுமக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஸ்ரீபாதம் தாங்குவது என்று சொல்வோம். ஒரு வருடம் மாடவீதி திருப்பத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் கால் பிரண்டு தோள் இறங்கிவிட்டது. வாகனத்தைத் தாங்குகிற தண்டு ஒரு பக்கம் சாய்கிறது. மேலே பெருமாள், பட்டாச்சாரியார், குடை. முன்தண்டில் இருந்த பெரியவர், அவர் பெயர்கூட எனக்கு இன்றுவரை தெரியாது, எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவோம், அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் “தோள் கொடு” என்றார். பின்னாலிருந்து இரண்டு பேர் நுழைந்து தாங்கிக்கொண்டார்கள். நடை மாறவில்லை. வீதியில் கற்பூரத் தட்டோடு நின்ற ஜனங்களுக்குத் தெரிந்தது பெருமாள் ஒரு ஆட்டம் ஆடி வந்தார் என்பது மட்டும்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மண்டபத்தில் இறக்கின பிறகு பெரியவர் அந்த ஆளிடம் போய், எந்தக் கால், எங்கே பிரண்டது, அங்கே பள்ளமா என்று ஒன்றுவிடாமல் கேட்டார். மறுநாள் அந்தப் பள்ளத்தில் மண் கொட்டியிருந்தது.

கால் பிரண்டது யாருக்கு என்று தண்டுக்குள்ளே எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பள்ளம் அப்படியே இருக்கும். வீதிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தெரிந்தால் அடுத்த வருடம் அந்த ஆள் கால் வலித்தாலும் சொல்ல மாட்டான். சொல்லாமல் நடந்து நடுவீதியில் விழுவான்.

காலையில் மீட்டிங்குக்கு முன்பே பிளாண்ட் ஹெட் ரூமுக்குப் போனேன். டிவியில் போட இசக்கி படத்தைச் சுற்றிப் பூ வைத்துத் தயார் செய்திருந்தார்கள்.

“சார், இந்தப் படத்தப் போட வேணாம்.”

“ஏன், அந்தப் பொண்ணு வெக்கப்படுதா?”

“ஒருத்தி படத்தப் போட்டா இன்னொருத்தி படத்தப் போடாமலே போட்ட மாதிரி ஆயிடும் சார்.”

அவருக்குப் புரிந்தது. முகம் மாறியது. “அந்த இன்னொருத்தி முன்னமே அழுத்தியிருக்கணும் இல்ல? அது தப்பில்லையா? கான்ட்ராக்ட் ஆளா, ரோல் ஆளா? பேரு என்ன?”

“தப்புதான் சார். ஆனா நேத்து லாரிய நிறுத்துனது பட்டன் இல்ல. பட்டன் லைனத்தான் நிறுத்துச்சு. லாரிய நிறுத்துனது அந்தப் பொண்ணு சொன்ன உண்மை. சாப்ட்டு வந்ததுலேருந்தேன்னு அவ சொல்லலேன்னா வண்டி போயிருக்கும். ஒண்ணும் வராதுன்னு பெருமாள் பேரச் சொல்லி அவகிட்ட வாக்குக் குடுத்துதான் அத வாங்கினேன். நீங்க பேரு கேட்டா நான் சொல்லித்தான் ஆகணும், உங்க சம்பளம் வாங்கறவன். கேட்கணுமான்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க சார்.”

என் வேலைக்கும் இன்று நேரம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்று தோன்றியது. அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு கேட்டது பெயரை அல்ல.

“அப்போ இவங்கள எப்படித்தான்யா பட்டன் அழுத்த வைக்கிறது?”

அதற்கு நான் இரவே ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். ஷிப்ட் ஆரம்பித்ததும் ஒவ்வொருவரும், ஒன்றாவது ஸ்டேஷனிலிருந்து கடைசி வரைக்கும், பட்டனை ஒரு தடவை அழுத்த வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு. தினமும். நானும் அழுத்துவேன்.

“அத்தன தடவ லைன் நிக்குமே?”

“அந்தக் கொஞ்ச நேரத்த நாங்க அப்புறம் வேகமா செஞ்சு ஈடுகட்டிடறோம் சார். ஒரு மாசம் எங்க லைன்ல மட்டும் விட்டுப் பாருங்க.”

“டிவி?”

“டிவி வாங்கியாச்சு... கேன்டீன்ல இன்னைக்கு இன்னா சாப்பாடுன்னு போடலாம் சார். எல்லாரும் பாப்பாங்க.”

சிரித்துவிட்டார். பூ வைத்த படத்தை அவர் கையாலேயே அழித்தார். காலை மீட்டிங்கில், “நேத்து மூணாவது லைன் ஒரு பெரிய தப்ப வெளிய போகாம நிறுத்தியிருக்கு” என்று மட்டும் சொன்னார். வண்டி கம்பெனிக்காரர் ஒருவர் “யார் கண்டுபிடிச்சது?” என்று கேட்டார். “மூணாவது லைன்” என்றார் மறுபடியும். நான் மைக்கைத் தொடவில்லை. கூட்டத்தில் இசக்கி ஒரு ஓரம், மாரி ஒரு ஓரம். இருவரும் கை தட்டினார்கள்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் எங்கள் லைனில் ஐஸ் வண்டி ஊர்வலம்தான். முதல் வாரம் ஒரே கூத்து. “அய்யோ, நானும் பேமஸ் ஆயிட்டேன்!” “ஏய், நீ நேத்தே ஆயிட்டடா, இன்னைக்கு என் டர்ன்!” என்று கத்துவார்கள். பக்கத்து லைன்காரர்கள், “எங்கள தூங்க வுட மாட்டீங்களாடா?” என்று திட்டுவார்கள். இரண்டாவது வாரம் சிரிப்பு குறைந்தது. அதற்குப் பிறகு ட்யூன் அடித்தால் ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. எல்லோருமே பேமஸ் ஆகிவிட்டால் அப்புறம் யாரைத் திரும்பிப் பார்ப்பது?

மாரியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கருவியின் முனையை ஒவ்வொரு இடைவேளை முடிந்ததும் பார்க்க வேண்டும் என்று வைத்தோம். அந்த வழக்கம் அவள் எனக்குச் சொன்னதிலிருந்து வந்தது, லைனில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஆனால் அந்த இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளவில்லை. அதே ரூம், அதே பஸ், வேறு வேறு சீட். நடுவில் புகுந்து சேர்த்து வைக்க எனக்கு ஆசைதான். செய்யவில்லை. தோளுக்குத் தோள் கொடுக்கலாம், மனசுக்கு யார் கொடுக்க முடியும்? சேவிக்கும்போது இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வேன். அவ்வளவுதான்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம். வேலை நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் ட்யூன் அடித்தது. நான் மட்டும் திரும்பினேன், அது என் வேலை. பலகையில் நாலு எரிந்தது.

மாரி பட்டனில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. நான் போவதற்குள் அவள் சுற்றும் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருவன் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஒரு பெண் இடுப்பை வளைத்துச் சோம்பல் முறித்தாள். இன்னொருவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். லைன் நின்றால் என்ன செய்வார்களோ அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

மாரி கையிலிருந்த வளையத்தைத் தூக்கிப் பிடித்தாள். என்னிடம் நீட்டவில்லை. ஆறாவது ஸ்டேஷன் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

“ஏட்டி இசக்கி, இதச் செத்த பாரேன்.”

இசக்கி லென்ஸை எடுத்துக்கொண்டு வந்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பி, ஓரம் முழுக்க மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

“வெட்டு இல்லட்டி. எண்ணெ பட்டிருக்கு” என்றாள். தன் துணியாலேயே துடைத்து மாரி கையில் கொடுத்தாள். “சரியாத்தான் நிறுத்துன. மாட்டு.”

நான் லைனை ஓட்டச் சொன்னேன்.